பர்மா தேக்குப் பலகையும் நாலு பென்சில் செல்லும்

போன மாசம் அக்கா மகன் கடைக்கு வந்தான். காலேஜில் இரண்டாம் வருஷம். கையில் எலெக்ட்ரிக் கிடார் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது. "மாமா, ஒரு மல்ட்டி வாங்கலாம்னு இருக்கேன். பசங்க எல்லாம் தனித்தனி பெடல்தான் கெத்துங்கிறாங்க. எதை வாங்க?" என்றான்.

"உன் கிடார் ஒயரோட மறுமுனை எதுல சொருகியிருக்கு?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. பெடல் என்பது கிடார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெட்டி, ஒன்றுக்கு ஒரு வேலை. மல்ட்டி என்பது அந்த வேலைகளையெல்லாம் ஒரே பெட்டியில் அடக்கியது. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பாஸ் கம்பெனியின் ஜிடி-1 என்ற மல்ட்டி எஃபெக்ட்ஸை 2018-லிருந்து மேடையில் மிதித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் 14 வருஷம் தனிப் பெடல்கள். இரண்டுமே சொந்தக் காசு. பகலில் காரைக்குடி செக்காலை ரோட்டில் போட்டோ பிரேம் போடுகிற கடை. மாசி பிறந்தால் ஆடி முடியும் வரை வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றி வராத ஊர் இல்லை. நடுநடுவே செட்டியார் வீட்டுக் கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம்.

முதலில் பெடல் கதை. என் முதல் பெடல் டிஎஸ்-1. டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குகிறது. 1978-இல் வந்த பெட்டி அது. இன்றைக்கும் அதே ஆரஞ்சு நிறத்தில், அதே மூன்று திருகோடு கடைகளில் கிடைக்கிறது. 2004-இல் மதுரையில் ஒரு வாத்தியக்காரர் கையிலிருந்து வாங்கினேன். அப்புறம் ஒரு கிடாரை இரண்டு போலக் கேட்க வைக்கிற நீல நிற சிஎச்-1 கோரஸ், "வா வா" என்று சத்தத்தைத் திறந்து மூடுகிற ஒரு க்ரை பேபி வா பெடல், கடைசியாக வாசித்ததைச் சற்றுப் பின்னால் திருப்பிச் சொல்கிற டிடி-7 டிலே. நாலும் சேர்ந்ததும் ஒரு பலகை வேண்டியிருந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில், இடித்த வீட்டிலிருந்து வந்த ஜன்னல் கதவு ஒன்று கிடந்தது. அசல் பர்மா தேக்கு. ஆசாரியிடம் கொடுத்து இரண்டடிக்கு அறுத்து, மேலே நாலு பெடலையும் ஒட்டுப் பட்டை போட்டு ஒட்டினேன். அந்தப் பலகையைப் பார்த்துக் கேட்காத வாத்தியக்காரர் கிடையாது. கனமும் அதற்குத் தக்கபடி. பெடல், அடாப்டர், குட்டி ஒயர்கள் எல்லாம் சேர்த்துத் தூக்கினால் ஒரு பக்கத் தோள் இறங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வைத்தால் மிதிக்க மிதிக்க முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய பிறகுதான் நின்றது.

தனிப் பெடலின் அருமை எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஒரு பெடலுக்கு ஒரு வேலை. குனிந்து டோன் திருகைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் அந்த நிமிஷமே காதில் தெரியும். திரை, மெனு, சேமிப்பு எதுவும் குறுக்கே வராது. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வா வைத்தால் ஒரு குரல், பின்னால் வைத்தால் வேறு குரல் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றிச் சொருகித்தான் படித்தேன்.

ஆனால் மேடை என்பது வேறு. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் சாந்திக் கச்சேரி. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஒரு ஓரமாக எங்களை உட்கார வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க மரப்பட்டை அடித்து, அதன் மேல் ஒயர் ஓடுகிற பழைய காலத்து வயரிங். சுவிட்ச் பலகையில் இரண்டு துளை பிளக்தான். மூன்றாவது பின்னுக்கு வேலையே இல்லை, எர்த் கிடையாது. நாலு பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி ஒயர் போட்டுக் கரண்ட் கொடுத்திருந்தேன். கிடாரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் "ங்ங்ங்" என்று ஆரம்பித்தது. கம்பியைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது. அதற்கு மேலே டிடி-7-ஐ அந்தச் சங்கிலியில் சேர்த்தால் மெல்லிசாக ஒரு விசில். டிஜிட்டல் பெடலும் அனலாக் பெடலும் ஒரே அடாப்டரைப் பங்கு போட்டால் இப்படித்தான். தனித்தனியாகப் பிரித்துத் தருகிற பவர் சப்ளை வேண்டும். அது அப்போது என்னிடம் இல்லை.

முன் வரிசையில் இருந்த ஆச்சி கையைக் காட்டி அழைத்தார். "தம்பி, வண்டு கத்துற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கே, அது பாட்டுல உள்ளதா?" கேட்டது சாதாரணமாகத்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அடாப்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பையில் தேடினால் 9 வோல்ட் பேட்டரி இரண்டுதான் இருந்தது. டிஎஸ்-1-க்கு ஒன்று, கோரஸுக்கு ஒன்று. டிலேயும் வாவும் அன்றைக்கு ஊமை. சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. எட்டரை மணிக்கு கானாடுகாத்தானில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? பெட்டிக்கடையில் கிடைப்பது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல்தான்.

அந்தப் பென்சில் செல்தான் பின்னால் என்னை மல்ட்டி பக்கம் திருப்பியது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், டோனை விட முக்கியம். எர்த் இல்லாத இடத்தில் கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் சுருக்கென்று அடிக்கும். பெடலில் செல் போட்டாலும் இது போகாது, ஏனென்றால் ஒயர் மிக்ஸரோடு சேர்ந்திருக்கிறது. நான் கோரஸ் பாடுகிறவன். டெஸ்டரை மைக்கில் வைத்துப் பார்க்காமல் இப்போதெல்லாம் கிட்டே போவதில்லை. எங்கள் பக்கம் செம்மண் காய்ந்து கிடக்கும். ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் ஜெனரேட்டரின் எர்த் கம்பி வறண்ட மண்ணில் சும்மா நட்டு வைத்ததாக இருந்தது. சவுண்ட் செட்காரத் தம்பி இரண்டு குடம் தண்ணீரில் உப்பைக் கரைத்து அந்தக் குழியில் ஊற்றினான். ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் இரைச்சலும் தணிந்தது, உதட்டில் அடித்ததும் நின்றது. கண்ணால் பார்த்தேன்.

இனி ஒயரின் மறுமுனைக்கு வருகிறேன். என் தீர்ப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

டிஸ்டார்ஷன் பெடல் என்பது கிடார் ஆம்ப்புக்கு முன்னால் வைப்பதற்காகச் செய்த பொருள். கிடார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகிற கீச்சலை வெளியே விடாது. டிஸ்டார்ஷன் உண்டாக்குகிற முள்ளையெல்லாம் அந்தக் காகிதக் கூம்பு சீவித் தள்ளிவிடும். மிச்சம் வருவதைத்தான் நாம் "கிடார் சத்தம்" என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். நம் கச்சேரி மேடையில் கிடார் ஆம்ப் எங்கே இருக்கிறது? ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகிறது. மிக்ஸரிலிருந்து மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்குப் போகிறது. பாடகர் குரலின் "ஸ்"ஸும் ஜால்ராவும் பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காக அந்தப் பெட்டிகளில் தனி ட்வீட்டர், ஹார்ன் எல்லாம் இருக்கும். டிஎஸ்-1-ஐ அதில் விட்டால் தகரக் கதவில் ஆணியால் கிழிக்கிற சத்தம்தான். 14 வருஷம் நான் அதை வாசித்தேன். மிக்ஸர்காரரைப் பார்த்து "ட்ரெபிளைக் குறைங்கண்ணே, குறைங்கண்ணே" என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அவர் குறைத்தால் டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் பாட்டில் கிடார் போர்வைக்குள்ளிருந்து கேட்கும்.

மல்ட்டி, ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் செய்கிற வேலையை உள்ளேயே டிஜிட்டலாகக் கணக்குப் போட்டுச் செய்துவிடுகிறது. மிக்ஸருக்குப் போகும் முன்பே அந்த முள் சீவப்பட்டுவிடுகிறது. 2018-இல் ஒரு நாள் பல்லவன் ரயிலில் ஏறி மத்தியானம் எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையில் 1842-லிருந்து நடக்கிற மியூசி மியூசிக்கலில் நுழைந்தேன். பெரிய பெரிய மாடல்களும் இருந்தன. எனக்குக் கையில் இருந்த காசுக்கும், தூக்குகிற கனத்துக்கும், நாலு பென்சில் செல்லில் ஓடுகிறது என்பதற்கும் ஜிடி-1 சரியாக அமைந்தது. செல்லோடு சேர்த்து 1.3 கிலோ. என் தேக்குப் பலகை வெறும் பலகையாகவே அதைவிடக் கனம். கூடவே காலால் ஏற்றி இறக்குகிற ஒரு எக்ஸ்பிரஷன் பெடல், உள்ளேயே ட்யூனர், இரைச்சலை அடக்குகிற நாய்ஸ் சப்ரஸர், நாம் சேமித்து வைக்க 99 இடம். நாலு பெடல் புதுசாக வாங்கும் காசை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கி வந்து முதல் கச்சேரியில் மனசே விட்டுப்போனது. சத்தம் மண்ணாக இருந்தது. பெட்டி மேல் குற்றமில்லை. உள்ளே அவுட்புட் செலக்ட் என்று ஒரு அமைப்பு. நீ எதில் சொருகுகிறாய் என்று அது கேட்கிறது. ஏதாவது ஆம்ப் பெயரை வைத்திருந்தால், ஆம்ப்பில் ஸ்பீக்கர் இருக்கிறதே என்று தன் ஸ்பீக்கர் கணக்கை அது நிறுத்திவிடும். மிக்ஸருக்குப் போகிறவர்கள் அதை லைன்/ஹெட்போன் என்று வைக்க வேண்டும். வைத்தேன். அடுத்த வாரம் பள்ளத்தூரில் ஒரு பழைய பாட்டின் லீட் பிட் வாசித்து முடித்ததும் எங்கள் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "கேசட்ல கேட்ட மாதிரியே இருக்குடா" என்றார். 20 வருஷமாகக் கூட வாசிக்கிறவர், என் கிடார் சத்தத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சேமித்து வைத்த ஒவ்வொரு சத்த அமைப்புக்கும் பாட்ச் என்று பெயர். கம்பெனிக்காரர்கள் உள்ளே போட்டு அனுப்புகிற பாட்ச்களை நம்ப வேண்டாம். அவை தனியாக உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கிறவரை மயக்குவதற்கு. ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் முழங்குவது மாதிரியான சத்தம், ஆறாக ஓடும். எங்கள் ஊர் வளவுகளில் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் கல் தூணும் கல் தளமுமாக இருக்கும். கை தட்டினாலே சத்தம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ரிவெர்ப் போட்டால் பல்லவி முடிந்து சரணம் வந்த பிறகும் பல்லவி கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் இரண்டு பாட்ச் வைத்திருக்கிறேன். திறந்த வெளித் திருவிழா மேடைக்கு ரிவெர்ப் உள்ளது. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அறவே இல்லாதது.

99 இடம் இருந்தாலும் நான் புழங்குவது ஆறுதான். எண்பதுகளின் பாட்டுக்கு, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற கம்ப்ரஸரும் கோரஸும் போட்ட க்ளீன் ஒன்று. என் ராத்திரியில் பாதி அதிலேயே ஓடிவிடும். அக்கூஸ்டிக் கிடார் போலக் கேட்கச் செய்கிற ஒன்று. மேடையில் இரண்டாவது கிடாரைத் தூக்கி மாட்டுகிற வேலை இதனால் எனக்கு இல்லாமல் போனது. லேசாக உரசுகிற ரிதம். முழு லீட். குத்துப் பாட்டுக்கு வா. ஆறாவதில் எக்ஸ்பிரஷன் பெடலை வால்யூமாக்கி வைத்திருக்கிறேன்: ஸ்வரத்தை மீட்டிவிட்டுக் காலால் மெதுவாக ஏற்றினால் வயலின் வில் இழுப்பது மாதிரி வரும், சோகப் பாட்டின் தொடக்கத்துக்கு. காலுக்கு இருப்பது மூன்றே சுவிட்ச்: கீழே, மேலே, இன்னொன்று நாம் வைத்துக்கொள்வது. ஆகவே எந்தப் பாட்ச்சுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்ச் என்பதுதான் பெரிய யோசனை. ரிதமுக்கு அடுத்த எண்ணில் லீட் இருக்க வேண்டும். இடையிசைக்கு ஒரு மிதி, திரும்ப ஒரு மிதி. மூன்றாவது சுவிட்சைச் சத்தம் கூட்டுவதற்கு வைத்திருக்கிறேன், 3 டெசிபல். அதற்கு மேல் போனால் பாடகர் முறைப்பார்.

இந்த அளவுகளை வீட்டில் ஹெட்போனில் வைத்துப் பிரயோஜனமில்லை. கழனிவாசலில் சவுண்ட் செட்காரருடைய கொட்டகையில் ஒரு சாயங்காலம் முழுக்க, கச்சேரிக்குப் போகும் அதே பெட்டிகளில் சொருகி, அதே சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு பாட்ச்சையும் சமன் செய்தேன். டீ மட்டும் நாலு தடவை வந்தது. யார் மல்ட்டி வாங்கினாலும் அந்த ஒரு சாயங்காலத்தைச் செலவழியுங்கள். "மல்ட்டி சத்தம் பிளாஸ்டிக்காக இருக்கு" என்று திட்டுகிற பலர் இதைச் செய்யாதவர்கள்.

டிலேயில் மல்ட்டி எனக்குப் பெரிய நிம்மதி. எங்கள் குழுவில் ரிதம் பேட் வேகம் எண்ணாகவே வரும், 96, 120 என்று. 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று கிடைக்கும். 120-க்கு 500. அதில் முக்கால் பங்கு, 375, வைத்தால் நாம் ஒரு ஸ்வரம் வாசிக்க இரண்டாகத் துள்ளி வரும். டிடி-7-இல் இருட்டில் குனிந்து இதைத் திருகால் பிடிப்பதற்குள் பாட்டு ஓடிவிடும். மல்ட்டியில் பாட்ச்சுக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டால் டிலே அதோடு சேர்ந்து நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. பகல் கச்சேரியில் வெயில் பட்டால் அந்தச் சின்னத் திரையை நான் கையால் மறைத்துத்தான் படிக்கிறேன். மேடையில் திடீரென்று ஒரு அளவை மாற்ற வேண்டுமென்றால் மெனுவுக்குள் போக வேண்டும். பெடலில் அது ஒரு திருகு. உள்ளே நடுவில் நம் சொந்தப் பெடலைச் செருக சென்ட்-ரிட்டர்ன் வழி கிடையாது. வேண்டுமானால் முன்னால் வைக்கலாம். டிஸ்டார்ஷனில் நல்ல ஆம்ப்பும் நல்ல பெடலும் சேர்ந்து தருகிற உணர்ச்சி வேறு. கிடார் வால்யூமை லேசாகக் குறைத்தால் சத்தம் கூடவே தெளிகிற விதம் எனக்கு இன்னும் பெடலில்தான் பிடிக்கிறது. கோரஸில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நீலப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

சாதாரண கார்பன் செல் போட்டால் சீக்கிரம் இறங்கிவிடும், அல்கலைன் போடுங்கள். செல் போட்டால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். அடாப்டர் வழியாக வருவதுதான் போகும். கிடார் கம்பிக்கு அடியில் இருக்கிற சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்), சீரியல் லைட்டிலிருந்து வாங்குகிற இரைச்சல் அப்படியே இருக்கும். அதற்கு நாய்ஸ் சப்ரஸரைக் கொஞ்சமாக வையுங்கள். அதிகம் வைத்தால் நீளமாக நிற்கிற ஸ்வரத்தின் வாலை அறுத்துவிடும்.

இன்னொரு பயம், எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பது. முன்பு ஒரு கச்சேரிக்குக் கடன் வாங்கிப் போன வேறு பழைய மல்ட்டி ஒன்று, சரணத்துக்கு நடுவில் திரை உறைந்து நின்றுவிட்டது. அந்தப் பாட்டு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெடலில் ஒன்று போனால் அதைத் தாண்டி ஒயரைச் சொருகிக்கொள்ளலாம். அதனால் ஜிடி-1-ஐ நம்பினாலும், கிடாரை நேராக மிக்ஸரில் சேர்க்க உதவுகிற குட்டிப் பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கிறது.

அக்கா மகனுடைய ஒயரின் மறுமுனை அவன் அறையில் இருக்கிற சின்ன கிடார் ஆம்ப்பில் சொருகியிருக்கிறது. மேடை ஏற இன்னும் நாள் இருக்கிறது. அவனுக்கு மல்ட்டி வாங்கிக் கொடுத்தால் 99 பாட்ச்சையும் புரட்டிக்கொண்டே இருப்பான், வாசிக்க மாட்டான். நாலு பெடல் வாங்க அக்காவிடம் காசும் இல்லை. ஒன்றே ஒன்று போதும். வீட்டுக்குக் கூட்டிப் போய், பலகையிலிருந்து டிஎஸ்-1-ஐ உரித்து எடுத்தேன். அடியில் ஒட்டுப் பட்டையின் பசை ஒட்டிக்கொண்டு வந்தது. மிதிக்கிற மூடியைத் தூக்கி, புது 9 வோல்ட் பேட்டரியை உள்ளே வைத்து மூடினேன்.

"வாசிச்சு முடிச்சா இன்புட் பக்கத்து பின்னை உருவிடணும். இதுக்குத் தனியா பவர் சுவிட்ச் கிடையாது. பின் உள்ள இருக்கிற வரைக்கும் பேட்டரி இறங்கிக்கிட்டே இருக்கும்."

"சரி மாமா."

"டிஸ்டார்ஷன் திருகைப் பாதிக்கு மேல திருப்பாதே. ஒரு மாசம் டோன் திருகு ஒண்ணை மட்டும் மாத்தி மாத்தி வாசி."

நேற்று ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. "மாமா, டோன் திருகை ஒன்பது மணி முள் மாதிரி வச்சா மூணாவது கம்பி குரல் மாதிரி கேக்குது. பத்து மணி முள் மாதிரி வச்சா அது போயிருது. ஏன் மாமா?" அவன் பேசும்போதே பின்னால் ஆம்ப் லேசாக இரைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடாரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பின்னை உருவிட்டுப் படு என்றும் சொன்னேன்.